நேரான இடது கை

பஞ்சிகந்த்
திராட்சை பறித்து முடித்த மாதம், ஐந்தாம் நாள்

கோத்தான் பட்டணத்தில் இருக்கும் தம்பி வர்சக்குக்கு அக்கா நானைசிர் எழுதுவது. உன் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். நீயும் என் மகன் ஃபர்னக்கும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்களா? எனக்கு முழங்கால் வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை.

எல்லார் வீட்டிலும் போல இருபது வயது முடிந்ததும் அவனை வியாபாரம் பழக உன்னிடம் அனுப்பினேன். மூன்று வருடம் ஆகிறது. முதல் வருடம் நான்கு கடிதம் போட்டான். அடுத்த வருடம் இரண்டு. இந்த வருடம் ஒன்றே ஒன்று. அதிலும் என் உடம்பைப் பற்றி அரை வரி. மற்றதெல்லாம் ஆட்டைப் பற்றி. "ஆட்டை அறுக்கும்போது அதோட கண்ணைப் பாத்திருக்கியா அம்மா?" என்று கேட்கிறான். நான் கழுத்தைப் பார்ப்பேனா, கண்ணைப் பார்ப்பேனா? ஊர் ஒத்துக்கொள்ளவில்லையோ, பித்தம் ஏறிவிட்டதோ, கொஞ்சம் கவனி.

அவன் பிறந்தபோது நாக்கில் கற்கண்டும் உள்ளங்கையில் பசையும் வைத்தவன் நீதான். பேச்சு இனிக்க வேண்டும், கைக்கு வந்தது ஒட்ட வேண்டும் என்று எத்தனை ஆசையாக வைத்தாய். பேச்சு இனிக்கிறது. கையில்தான் ஒன்றும் ஒட்டக் காணோம்.

திராட்சை பிழியும் மதுச் செக்கு வைத்திருப்பவர் வீட்டுப் பெண்ணை அவனுக்குப் பேசி வைத்திருக்கிறேன். அவர்கள் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார்கள். வரும் கோடையில் அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு வா. உலர்ந்த முசுக்கொட்டைப் பழம் ஒரு பை, கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன். பெரிய ஜோடி அவனுக்கு.

உன் சுகத்துக்குக் கடிதம் போடு.
அக்கா நானைசிர்

* * *

கோத்தான்
பனி உருகத் தொடங்கிய மாதம், இரண்டாம் நாள்

என் தாய்க்குச் சமமான அக்கா நானைசிருக்குத் தம்பி வர்சக் காலில் விழுந்து எழுதுவது. நீ மனதைத் திடப்படுத்திக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். பக்கத்தில் யாராவது இருக்கும்போது படி.

நடுப் பனிக்காலத்தில் ஃபர்னக்குக்குக் காய்ச்சல் கண்டது. ஆறு நாள். ஏழாம் நாள் போய்விட்டான். மலை வழி அடைத்துக் கிடந்ததால் உனக்கு உடனே தெரிவிக்க முடியவில்லை. செய்ய வேண்டியதெல்லாம் முறைப்படி செய்தோம். பிணத்தீட்டுப் பேய் விலக நாயைக் கொண்டுவந்து காட்டினோம். பூசாரி நான்கு நாளும் ஓதினார். எங்கள் ஒட்டக வணிகச் சாத்துத் தலைவரே நேரில் வந்திருந்தார். உடல் இப்போது ஊருக்கு வெளியே மதில் வைத்த இடத்தில் இருக்கிறது. கழுகுகள் தின்று கோடைக்குள் எலும்பு சுத்தமாகிவிடும். நம் வீட்டு எலும்பு மண்டபத்தில், அவன் அப்பாவுக்குப் பக்கத்தில் வைக்க அனுப்பிவிடுவேன். அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

இங்கிருந்து வருகிறவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். யார் பேச்சையும் காதில் வாங்காதே. எனக்கும் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. இந்த வருடம் திபெத்துக் கஸ்தூரி நல்ல சரக்காக வந்திருக்கிறது, அதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு அக்கா.
வர்சக்

* * *

பஞ்சிகந்த்
புத்தாண்டு பிறந்து மூன்றாம் நாள்

தம்பி வர்சக்குக்கு. உன் உடம்பு எப்படி இருக்கிறது? நான் இருக்கிறேன்.

வருடக் கடைசியில் செத்தவர்களுக்கு அழுகிற ஐந்து நாளுக்கு முந்தின நாள் உன் கடிதம் வந்தது. ஊரே அவரவர் ஆட்களுக்காக அழுதது. நான் போன வருடம் வரை என் வீட்டுக்காரருக்காக அழுதவள். இந்த வருடம் மகனுக்காகவும் சேர்த்து முகத்தைக் கீறிக்கொண்டேன். கத்தி ஆழமாக இறங்கிவிட்டது. இடது கன்னம் ஆறவில்லை. பக்கத்து வீட்டுக்காரி, "போதும்டி, நிறுத்து, எலும்பு தெரியுது" என்று கையைப் பிடித்துத் தடுத்தாள்.

எனக்குச் சில விஷயம் தெரிய வேண்டும். தண்ணீர் கேட்டானா? கடைசியாக என்ன சொன்னான்? என் பெயரைச் சொன்னானா? யார் மடியில் தலை வைத்திருந்தான்? நாய் கண்ணுக்கு மேலே புள்ளி உள்ள நாய்தானே, கிடைத்த நாயைப் பிடித்து வரவில்லையே? கம்பளிக் காலுறை வந்து சேர்ந்ததா, அதைப் போட்டுக்கொண்டானா? ஒவ்வொன்றுக்கும் பதில் எழுது. ஒன்றையும் விடாதே.

எலும்புப் பெட்டி செய்யக் குயவரிடம் சொல்லிவிட்டேன். தொடை எலும்பின் நீளம் தெரிந்தால்தான் மண் பிசைய முடியும் என்கிறார். ஒரு கயிற்றில் அளந்து முடிச்சுப் போட்டு அனுப்பு.

மதுச் செக்குக்காரர் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். அழுதுகொண்டே போனது.

அக்கா

* * *

கோத்தான்
பேரிக்காய் பழுக்கும் மாதம், இருபதாம் நாள்

அன்புள்ள அக்காவுக்கு. நாங்கள் சுகம். உன் கன்னத்துப் புண்ணுக்கு இத்துடன் களிம்பு வைத்திருக்கிறேன், காலையும் மாலையும் தடவு.

முடிச்சுப் போட்ட கயிறு இதில் இருக்கிறது.

அடுத்த வசந்தத்தில் முதல் சாத்தில் என் ஆள் அஸ்மானக் எலும்புப் பையைக் கொண்டு வருவான். ஆட்டுத்தோல் பை. வாய் தைத்து, தீக்கோயில் முத்திரை போட்டிருக்கும். வழியில் ஏழு சுங்கச்சாவடி. எலும்புப் பை என்றால் தீட்டுக்குப் பயந்து ஒருவனும் தொடமாட்டான், அதனால் பத்திரமாக வந்துவிடும். பஞ்சிகந்த் வந்ததும் அஸ்மானக் பையை ஓர் இரவு தன் வீட்டில் வைத்திருந்து, வழித்தீட்டுக் கழித்து, மறுநாள் உன்னிடம் தருவான். அதற்கு முன் நீ போய்க் கேட்க வேண்டாம். பூசாரி கையால் அப்படியே பெட்டியில் போடச் சொல். நீ திறந்து பார்த்தால் தாங்கமாட்டாய்.

நீ கேட்டதற்கெல்லாம் நேரில் வரும்போது சொல்கிறேன். சிலதை எழுத்தில் எழுத முடியாது.

வர்சக்

* * *

பஞ்சிகந்த்
முசுக்கொட்டை பழுக்கும் மாதம், ஒன்பதாம் நாள்

வர்சக்குக்கு. இதுவரை சந்தை எழுத்துக்காரனை வைத்து எழுதினேன். இதை நானே கிறுக்குகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். உன் வீட்டில் எல்லாரும் சுகம்தானே?

பை வந்தது. அஸ்மானக் ஒரு இரவு அல்ல, மூன்று இரவு வைத்திருந்தான். நான்காம் நாள் கொண்டுவந்தபோது தையல் புதுசாக இருந்தது. "சுங்கத்துல பிரிச்சாங்களாப்பா?" என்று கேட்டேன். "எலும்பை யாருங்க பிரிப்பாங்க, வழியில தையல் நைஞ்சு போச்சு, நான்தான் மறுபடி தச்சேன்" என்றான். சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடினான்.

பூசாரி பிரிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். பெற்றவள் நான் இருக்கும்போது அவர் எதற்கு? நானே பிரித்தேன். வீடு முழுக்கக் கஸ்தூரி வாசம். நான்கு நாளாகிறது, என் கையில் இன்னும் போகவில்லை. பாட்டுக் கச்சேரி வைத்த வீடு போல மணக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

ஒவ்வொரு எலும்பாக மது ஊற்றிக் கழுவினேன். கயிறு வந்தபோதே அவன் பழைய கால்சட்டையில் வைத்து அளந்து பார்த்திருந்தேன். மூன்று விரற்கடை கூடுதலாக இருந்தது. போன இடத்தில் வளர்ந்திருக்கிறான், அதைக் கண்ணால் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று அன்று முழுக்க அழுதேன். குயவரும் அந்த அளவுக்கே பெட்டி செய்தார்.

இப்போது இடது கைக்கு வருகிறேன். ஏழு வயதில் முசுக்கொட்டை மரத்திலிருந்து விழுந்து ஃபர்னக்குக்கு இடது முன்கை ஒடிந்தது. உனக்கு மறந்திருக்காது, மரத்தில் ஏற்றிவிட்டவனே நீதான். கட்டுப் போட்டவர் சரியாகப் போடாமல் எலும்பு வளைந்தே கூடிவிட்டது. சாகும்வரை அந்த வளைவு போகாது என்று அவர் சொன்னார்.

நீ அனுப்பிய இடது கை நேராக இருக்கிறது. கோல் மாதிரி நேராக. நான்கு தடவை தடவிப் பார்த்தேன், ஒரு மேடு இல்லை.

பூசி மெழுகாதே. இது யாருடைய எலும்பு? என் பிள்ளை எங்கே?

நானைசிர்

* * *

பஞ்சிகந்த்
முதல் பனி விழுந்த நாள்

வர்சக்குக்கு. சுகமா?

ஐந்து மாதத்தில் கோத்தானிலிருந்து மூன்று சாத்து வந்துபோனது. மூன்று தடவையும் ஊர் வாசலில் நின்றேன். மிளகு வந்தது, பச்சைக்கல் வந்தது, யாரோ ஒருவருக்குக் குரங்குகூட வந்தது. உன் கடிதம் வரவில்லை.

கை நேராக இருந்ததை நான் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெட்டியை மூடி மண்டபத்தில்தான் வைத்தேன். எல்லாரும் வந்தார்கள், ரொட்டி சாப்பிட்டார்கள், போனார்கள். உனக்காகத்தான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் என் வாய் என்றைக்கும் மூடியே இருக்காது.

வழியில் தொலைத்துவிட்டாயா? வேறு பையோடு மாறிவிட்டதா? அப்படியென்றால் அப்படி என்று எழுது, திட்டமாட்டேன். அல்லது கொலையா? ஏதாவது எழுது. பெற்ற வயிறு பற்றி எரிகிறது.

மலை வழி அடைபடுமுன் இது உன் கைக்கு வர வேண்டும்.

நானைசிர்

* * *

கோத்தான்
பனி உருகத் தொடங்கிய மாதம், பதினைந்தாம் நாள்

அக்காவுக்கு. நீ சுகமாக இருக்க வேண்டும் என்று தினம் விளக்கின் முன் நிற்கிறேன், அதை நம்புவாயோ மாட்டாயோ.

அவன் உயிரோடு இருக்கிறான்.

எடுத்தவுடன் அதைச் சொல்லிவிட்டேன். இனி நீ என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டு. இரண்டாம் வருடமே அவன் புத்த மடத்துப் பக்கம் போய்வர ஆரம்பித்தான். முதலில் கஸ்தூரி விற்கத்தான் போனான். பிறகு விற்காமல் கொடுத்துவிட்டு வந்தான். "மாமா, இதுக்காக ஒரு மானைக் கொல்றாங்க, அதோட தொப்புளை அறுத்துத்தான் நாம எடுக்கறோம்" என்பான். "பாவம் பாத்தா பசி ஆறாதுடா, பேசாம மூட்டையைக் கட்டு" என்பேன். ஒரு நாள் காலையில் மொட்டைத் தலையோடு வந்து நின்றான். அடித்தேன் அக்கா. கன்னத்தில் ஓங்கி அடித்தேன். அவன் மறு கன்னத்தைத் திருப்பவுமில்லை, அழவுமில்லை. "சரி மாமா, நான் வர்றேன்" என்று போய்விட்டான்.

என் நிலையையும் யோசித்துப் பார். கஸ்தூரி எடுக்க வேண்டுமானால் தீக்கோயில் முத்திரை வேண்டும். வீட்டில் ஒருவன் மதம் விட்டுப் போனால் முத்திரையைப் பிடுங்கிவிடுவார்கள். சாத்துத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "உன் மருமகனைக் காணோமே, செத்துட்டானா இல்ல வேற எங்கயாவது போயிட்டானா?" என்று ஒரு மாதிரியாகக் கேட்டார். அவருக்கு எல்லாம் தெரியும். அவருக்கு வேண்டியது ஒரு பதில். "செத்துட்டாங்க" என்றேன். "அப்ப எலும்பு ஊருக்குப் போகணுமே" என்றார். அந்த வாய் வார்த்தையில் மாட்டிக்கொண்டேன். ஆள் தெரியாத ஒருவன் மதிலுக்குள் கிடந்தான். அவனை அனுப்பினேன்.

கஸ்தூரி விஷயமும் கேட்பாய். பை எப்படியும் போகத்தானே போகிறது, ஒருவனும் திறக்கமாட்டான் என்று அதற்குள் நாற்பது பொட்டணம் வைத்தேன். அது தப்புதான். ஆனால் மற்றதை உனக்காகவும்தான் செய்தேன். மதம் மாறியவனுக்கு அம்மா என்று ஊர் உன்னைப் பார்ப்பதைவிட, செத்தவனுக்கு அம்மா என்று பார்ப்பது மேல் இல்லையா?

அவனுக்கு ஏதாவது எழுதினால் எனக்கே அனுப்பு. நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

வர்சக்

* * *

பஞ்சிகந்த்
புத்தாண்டு பிறந்து ஏழாம் நாள்

என் மகன் ஃபர்னக்குக்கு அம்மா எழுதுவது. சுகமாக இருக்கிறாயா கண்ணு? மடத்தில் இரண்டு வேளைதான் சோறு என்கிறார்கள், அது போதுகிறதா? பனிக்குத் தலையை மூடிக்கொள்ள விடுவார்களா?

நான் உன்னைத் திட்ட எழுதவில்லை. உனக்காக இரண்டு வருடம் அழுது தீர்த்தாயிற்று, திட்டுவதற்குத் தெம்பு இல்லை. நீ எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி. மொட்டை அடித்தாலும் சரி. உயிரோடு இருக்கிறாயே, எனக்கு அது போதும்.

ஒரே ஒரு தடவை உன்னைப் பார்க்க வேண்டும். நீ இங்கே வந்தால் உனக்கும் மாமாவுக்கும் தொந்தரவு. அதனால் நானே வருகிறேன். திராட்சைத் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டேன். அடுத்த வசந்தத்துச் சாத்தில் இடம் சொல்லியாயிற்று. மடத்துக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவேன். உன் இடது கையை ஒரு தடவை தொட வேண்டும், வேறு ஒன்றும் கேட்கமாட்டேன்.

வரட்டுமா என்று ஒரு வரி எழுது.

அம்மா

* * *

கோத்தான்
பேரிக்காய் பழுக்கும் மாதம், முப்பதாம் நாள்

பஞ்சிகந்தில் இருக்கும் நானைசிர் அம்மாளுக்கு. எல்லா உயிர்களும் நலமாக இருப்பது போல நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை மாமா கொண்டுவந்து கொடுத்தார். படித்தேன். இங்கே சோறு போதுகிறது. தலையை மூடிக்கொள்ளலாம்.

நீங்கள் வர வேண்டாம். காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன், பொய் சொல்வதில்லை என்று இப்போது விரதம். தாய் தகப்பன் சம்மதம் இல்லாமல் மடத்தில் சேர்க்கமாட்டார்கள். சேரும் அன்று பெரியவர் எல்லார் முன்னிலையிலும் கேட்டார், "அப்பா அம்மா சம்மதம் கொடுத்தாங்களாப்பா?" என்று. நான் இரண்டு வருடம் காத்திருந்த நாள் அது. உங்களுக்கு எழுதிக் கேட்டு, பதில் வர ஒரு வருடம் ஆகும். பதிலும் என்ன வரும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். "ரெண்டு பேரும் செத்துட்டாங்க ஐயா" என்றேன். அதற்குப் பிறகுதான் விரதம் எடுத்தேன். அதற்கு முன் சொன்ன கடைசிப் பொய் அது.

நீங்கள் வந்து வாசலில் நின்றால் நான் பெற்ற தீட்சை செல்லாது. என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். எனக்குப் போக வேறு இடமில்லை. மாமா வீட்டிலும் நான் செத்தவன்.

ஆகவே மாமா உங்களுக்கு எழுதியதை உண்மை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரு வேளை உங்களுக்காக ஓதுகிறேன். இறந்தவர்களுக்கு ஓதும் வேளையில்தான் ஓத முடிகிறது, அதற்கு மன்னிக்க வேண்டும்.

மழைக்காலத்தில் இடது கை இன்னும் வலிக்கிறது.

* * *

பஞ்சிகந்த்
வருடத்தின் கடைசி மாதம், அழுகை நாட்களுக்கு முந்தின நாள்

வர்சக்குக்கு.

அவன் கடிதம் பனிக்காலத்துக்கு முன்பே வந்துவிட்டது. சாத்தில் சொல்லி வைத்த இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வசந்தத்தில் ஒட்டகங்கள் புறப்பட்டபோது வாசலில் நிற்கவும் போகவில்லை.

என் பிள்ளை செத்துவிட்டான் என்று இங்கே நீ சொன்னாய். என் அம்மா செத்துவிட்டாள் என்று அங்கே அவன் சொன்னான். உனக்கு முத்திரை கிடைத்தது, அவனுக்கு மடம் கிடைத்தது. எனக்கு என்ன கிடைத்தது என்று கண்ணாடியில் பார்க்கிறேன். இடது கன்னத்தில் மூன்று கோடு. உயிரோடு இருக்கிற பிள்ளைக்காகக் கீறிய கோடு. உன் களிம்பு தடவினேன், போகவில்லை.

அவன் எழுதிக் கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று அவனுக்குத் தெரியுமாம். என்ன தெரியும்? அழுது ஊரைக் கூட்டியிருப்பேன். ஒரு மாதம் சரியாகச் சாப்பிட்டிருக்கமாட்டேன். உன்னைத் திட்டித் திட்டி நான்கு கடிதம் போட்டிருப்பேன். அதற்குப் பிறகு, சரி போய்த் தொலை என்று சம்மதம் கொடுத்திருப்பேன். அவன் கேட்டு நான் எதைக் கொடுக்காமல் இருந்தேன்? ஒரு வருடம் காத்திருக்க அவனுக்குப் பொறுமை இல்லை. ஒரு உண்மை சொல்ல உனக்குத் துணிச்சல் இல்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு சாமியைச் சாக்கு சொல்கிறீர்கள். சாமிகள் பாவம், அவை என்ன செய்யும்.

இதை அவனிடம் சொல்லாதே. மடத்தில் நிம்மதியாக இருக்கட்டும். நான் இனி அவனுக்கு எழுதமாட்டேன்.

உனக்கு ஒரு வேலை இருக்கிறது. நாளைக்கு மண்டபத்துக்கு ரொட்டியும் மாதுளையும் மதுவும் கொண்டு போகிறேன். செத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் வந்து சாப்பிடுவார்கள். என் வீட்டுக்காரரைக் கூப்பிடுவேன், வருவார். அவருக்குப் பக்கத்தில் பெரிய பெட்டியில் ஒரு பையன் இருக்கிறான். பூசாரியிடம் சொல்லி அவனை வெளியே எடுக்கலாம் என்று முதலில் நினைத்தேன். எடுத்து எங்கே கொண்டு வைப்பது? அவன் எலும்பை நானே கழுவியிருக்கிறேன். பல்லெல்லாம் முழுசாக இருக்கிறது, இருபத்தைந்து வயதுகூட இருக்காது. எங்கேயோ ஒருத்தி சாத்து வரும்போதெல்லாம் ஊர் வாசலில் வந்து நின்றுகொண்டிருப்பாள். அவளிடம் நீ இதுவரை ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் அவனை ஃபர்னக் என்று கூப்பிட்டேன். வைத்த ரொட்டி வைத்தபடி இருந்தது. எப்படி வருவான், அவன் பெயர் அதில்லையே.

மதிலுக்குள் அவனைக் கொண்டுவந்து போட்டவர்கள் யார் என்று தேடு. எந்தச் சாத்தில் வந்தான், எந்த ஊர், யார் மகன், விசாரி. கஸ்தூரி விற்கிற நேரத்தில் ஒரு நாளைச் செலவழி. அவன் பெயரை மட்டும் எழுதி அனுப்பு. வேறு எதுவும் எழுதாதே, நலமும் எழுதாதே.

கடிதத்தின் தொடக்கத்தில் உன் சுகத்தைக் கேட்க நான் மறந்துவிட்டதாக நினைக்காதே. மறக்கவில்லை.

நானைசிர்